மருந்தில் தண்ணீர் கலந்தது யார்

நான் அந்த ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்த காலையில் முதலாளி என்னை இருட்டறைக்குள் கூட்டிப்போய், சுவர்த்தட்டில் இருந்த போத்தல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டு ஒட்டி, உள்ளே மருந்து நிற்கும் மட்டத்தில் பென்சிலால் கோடு கீறியிருந்தது.

"எவ்வளவு இருக்கு, எவ்வளவு போகுது எண்டு எனக்குத் தெரியும், பிள்ளை. முதலே சொல்லி வைக்கிறன்."

மருந்து என்றால் படம் கழுவும் மருந்து. வெளிச்சம் பட்ட கடதாசியை அதில் போட்டு மெல்ல ஆட்டினால் வெறும் வெள்ளையிலிருந்து ஒரு மூக்கு, ஒரு புருவம், ஒரு முழு முகம் என்று எழும்பி வரும். சிவப்பு விளக்கின் கீழ் அதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு மேல் சிலிர்த்தது. ஆனால் சேர்ந்த அன்று நான் பார்த்தது பென்சில் கோடுகளை மட்டும்தான். இந்த மனிசனிடம் எப்படிக் காலம் தள்ளப்போகிறேன் என்று நினைத்தேன்.

நான் சாம்பல்தீவிலிருந்து பஸ்ஸில் வந்து போனவள். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்தேன். பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. வீட்டில் சும்மா இருந்த நேரத்தில்தான் அடையாள அட்டைக்கு எல்லோரும் படம் எடுக்க வேண்டும் என்று அரசாங்கச் சட்டம் வந்தது. நிலாவெளியிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் பட்டினத்துக்கு வந்தார்கள். பெண்களின் தலையைச் சரிசெய்யவும் முந்தானையை இழுத்துவிடவும் ஒரு பெண்பிள்ளை நின்றால் நல்லது என்று முதலாளி யாரிடமோ சொல்லியிருக்கிறார். அப்படித்தான் போனேன். சனம் கூடக் கூட, தலை சரிசெய்யும் வேலை போய் இருட்டறை வேலையும் எனக்கு வந்து சேர்ந்தது.

இருட்டறை அதுவரை நானாவின் ராச்சியம். மூதூர்க்காரர். ஸ்டூடியோ தொடங்கிய காலத்திலிருந்தே முதலாளியோடு இருந்தவர். காலையில் குடாவைக் கடந்து வரும் மோட்டார் படகில், லோஞ்சில், வந்து இறங்கினால் பின்னேரம் லோஞ்சுக்குப் போகும்வரை அந்தச் சின்ன அறைக்குள்தான். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் சொல்லால் பட்டினத்தில் எல்லோருக்கும் அவர் நானாதான். முதலாளியும், அவரைவிட வயது மூத்தவராயிருந்தும், நானா என்றே கூப்பிட்டார். என்னை நானா மகள் என்று கூப்பிட்டார். கடதாசியை எப்படிப் பிடிப்பது, எப்போது தூக்குவது, எப்படி ஹைப்போவில் போட்டுப் படத்தை நிலைக்கச் செய்வது எல்லாம் அவர் பக்கத்தில் நின்று பார்த்தே பழகினேன். அவர் அதிகம் கதைக்கமாட்டார். "இப்ப தூக்குங்க" என்பார், அவ்வளவுதான்.

பிறநாட்டுச் சாமான் ஒன்றும் லேசில் கிடைக்காத காலம் அது. மருந்துத் தூளைக் கொழும்பிலிருந்து முதலாளியின் சொந்தக்காரர் ஒருவர் எங்கெங்கோ தேடி அனுப்புவார். ஒருமுறை வழக்கத்துக்கு மாறாக நிறையப் பக்கெட்டுகள் ஒன்றாக வந்தன. நானா வழக்கம்போல் ஒரு பக்கெட்டை உடைத்துக் கரைக்கப் போனார். முதலாளி தடுத்தார்.

"எல்லாத்தையும் இண்டைக்கே கரைச்சு வையுங்கோ."

"எல்லாத்தையுமா? தேவைக்குத் தேவை கரைச்சாப் போதுமே."

"தூளாக் கிடந்தா கைலேஞ்சியில முடிஞ்சு கொண்டு போகலாம். தண்ணியாக் கிடந்தா கொண்டுபோறது கஷ்டம்."

நானா என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு கரைத்தார். அவ்வளவு மருந்தையும் ஊற்றிவைக்க ஏற்ற, வெளிச்சம் புகாத கபில நிறப் போத்தல் எங்களிடம் இருக்கவில்லை. முதலாளி எங்கிருந்தோ வெறும் சாராயப் போத்தல்கள் கொண்டுவந்தார். கழுவிக் காயவைத்து, ஒரு நாள் வேலைக்கு வேண்டிய அளவு மருந்தை ஒவ்வொன்றிலும் ஊற்றச் சொன்னார். அது அரைப் போத்தல்தான் வந்தது; அந்த மட்டத்தில் வழக்கம்போல் கோடு கீறினார். ஒரு நாளுக்கு ஒரு போத்தல் என்றால் களவைப் பிடிப்பது லேசு என்பது அவர் கணக்கு. வெள்ளைக் கண்ணாடி என்பதும் அவருக்குப் பிடித்திருந்தது. உள்ளே இருப்பது தெரியும்.

கடைசியில் கொஞ்சம் மிஞ்சியது. நானா அதைத் தன்னிடம் கிடந்த ஒரு சின்ன இருமல் மருந்துப் போத்தலில் கழுத்து முட்ட ஊற்றித் தக்கையால் இறுக்கினார். புனலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். அதைக் கழுவும் தொட்டிக்குப் பின்னால், எப்போதும் ஈரமாயிருக்கும் மூலையில் வைத்தார். துண்டுக் கடதாசியில் சோதித்துப் பார்க்க உதவும் என்றார்.

முதல் சில கிழமைகள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு முகங்கள் வெளிறத் தொடங்கின.

கடதாசியைப் போட்டால் படம் வரச் சுணங்கியது. வந்தாலும் கறுப்பு ஏறவில்லை, எல்லாம் சாம்பல் நிறம். தம்பலகாமத்தில் வயல் செய்யும் கமக்காரர் ஒருவர் தன் படத்தை முதலாளியின் கையிலிருந்து வாங்கித் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

"தம்பி, நான் இன்னும் சாகேல்லை. இது என்ர ஆவி போலக் கிடக்கு."

அட்டை விண்ணப்பங்களைப் பொறுப்பெடுக்கும் கிராமசேவகரிடமிருந்தும் படங்கள் திரும்பி வந்தன. முகம் தெரியவில்லையாம். முதலாளி இருட்டறைக்குள் போய்ப் போத்தல்களைப் பார்த்தார். மருந்து சரியாகக் கோட்டில் நின்றது. ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. வேறு ஒருவர் என்றால் அதோடு மனம் ஆறியிருப்பார். முதலாளி வெளியே வந்து கதிரையில் இருந்து கொஞ்ச நேரம் யோசித்தார்.

"மட்டம் குறையேல்லை. ஆனா மருந்துக்குப் பலமில்லை. அப்ப என்ன நடந்திருக்கு? எடுத்துப்போட்டுத் தண்ணி விட்டு நிரப்பியிருக்கு."

அந்த வார்த்தை அங்கே விழுந்த பிறகு எதைச் செய்தாலும் தப்பவழியில்லை. மட்டம் குறைந்தால் களவு, குறையாவிட்டால் கெட்டித்தனமான களவு.

நானாவுக்கு ஒரு மருமகன் இருந்தான். அக்கா மகன். பழைய கமரா ஒன்றை வாங்கி மூதூர்ப் பக்கத்துக் கலியாணங்களில் படம் பிடிக்கிறான் என்று யாரோ வந்து முதலாளிக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவனுக்கு மருந்து எங்கிருந்து கிடைக்கிறது என்ற கேள்வி முதலாளிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குமேல் ஐஸ் விஷயம் வந்தது.

எங்கள் இருட்டறைக்கு மேலே தகரக் கூரை. உச்சி வேளையில் உள்ளே அடுப்பங்கரை போலக் கொதிக்கும். அந்த வெக்கையில் தட்டிலுள்ள மருந்தும் சூடாகிவிடும். சூடான மருந்தில் கடதாசியைப் போட்டால் முகம் தெரியுமுன்னே கறுத்துப்போகும். அதற்காக நானா மீன் சந்தையில் ஒரு துண்டு ஐஸ் வாங்கிச் சாக்கில் சுற்றிக் கொண்டுவருவார். பெரிய பேசின் ஒன்றில் தண்ணீரும் ஐஸும் போட்டு, அதற்குள் மருந்துத் தட்டை மிதக்க வைப்பார். எத்தனையோ வருடமாக அப்படித்தான் செய்தார். முதலாளிக்கும் தெரியும். ஆனால் இப்போது அதை வேறு கண்ணால் பார்த்தார்.

"ஐஸ் உருகின தண்ணி எங்க போகுது, நானா?"

"பேசினுக்குள்ளதான் முதலாளி. பின்னேரம் முத்தத்தில ஊத்துறன்."

"தட்டுக்குள்ள போகாது?"

"தட்டு மேல மிதக்குது. எப்படிப் போகும்?"

"நான் கேக்கிறன், அவ்வளவுதான்."

"பேசினுக்குள்ள இருக்கிற தண்ணி தட்டுக்குள்ள ஏறாது முதலாளி, நானும் பாத்துக்கொண்டுதான் நிக்கிறன்" என்று நான் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்துப் பின்னேரம், நானா லோஞ்சுக்கு வெளிக்கிட்டபோது முதலாளி வாசலில் நின்றார்.

"பையை ஒருக்காத் திறந்து காட்டுங்கோ, நானா. எல்லாருக்கும் இனி இப்படித்தான்."

முன்னறையில் நிலாவெளியிலிருந்து வந்த ஒரு குடும்பம் படம் எடுக்கக் காத்துக்கொண்டிருந்தது. சின்னப்பிள்ளைகள் கூட எங்களையே பார்த்தார்கள். நானா பையை மேசையில் வைத்துத் திறந்தார். சோற்றுக் கரியர், தொழுகைக்கு உடுக்கும் ஒரு சாரம், தொப்பி, தேத்தண்ணிப் பிளாஸ்க். முதலாளி பிளாஸ்கின் மூடியைக் கழற்றி மணந்து பார்த்தார்.

"குடிச்சுப் பாருங்க" என்றார் நானா. "பிளேன்டீதான். சீனி கொஞ்சம் கூட."

முதலாளி மூடியைத் திருகி வைத்தார். நானா பையைத் தூக்கவில்லை. அது மேசையில் கிடக்கட்டும் என்பது போல விட்டுவிட்டு, சாரத்தையும் தொப்பியையும் மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நான் பின்னால் போய் வீதியில் அவரைக் கூப்பிட்டேன்.

"நானா, பை."

"கிடக்கட்டும் மகள். நல்லாப் பாக்கட்டும்."

மறுநாள் லோஞ்சில் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. குற்றமில்லாதவன் ஏன் வராமல் நிற்க வேண்டும் என்று முதலாளி என்னிடம் கேட்டார். நான் தட்டுகளைக் கழுவப் போனேன். என்ன சொன்னாலும் அதை எதற்கோ சாட்சியாக எடுத்துக்கொள்வார் என்று பட்டது.

நானா போனபிறகு முதலாளி எல்லாப் போத்தல்களையும் இருட்டறையிலிருந்து தூக்கி முன்னறைக்குக் கொண்டுவந்தார். அவருடைய கதிரைக்குப் பின்னால் ஒரு இரும்பு அலுமாரி நின்றது. அதற்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் சொருகிக்கொண்டார். அந்த முன்னறை மேற்குப் பார்த்தது. கண்ணாடி முகப்பு. மத்தியானம் திரும்பினால் வெயில் நேராக அலுமாரியில் விழும். பின்னேரத்தில் அதன் கதவில் கை வைக்க ஏலாது. அதோடு ஒவ்வொரு காலையிலும் போத்தல்களை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்து நன்றாகக் குலுக்கிப் பார்ப்பார். தண்ணீர் கலந்திருந்தால் நுரை வேறு மாதிரி வரும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. ஐஸ் வாங்கவும் கூடாது என்றுவிட்டார்.

இப்போது படங்கள் இரண்டு விதமாகக் கெட்டன. காலையில் போட்டால் வெளிறல். உச்சி வேளையில் கொஞ்சமாவது பலமிருந்த போத்தல் கைக்குக் கிடைத்தால், தட்டின் சூட்டில் ஒரேயடியாக எழும்பிக் கறுத்துப்போகும். நிலாவெளி மீன்பிடிகாரர் ஒருவர் படத்தை என்னிடமே திருப்பித் தந்தார்.

"நான் கறுப்புத்தான் தங்கச்சி. ஆனா இவ்வளவு இல்லை."

களவெடுத்தவன் போய்விட்டான், களவு நிற்கவில்லை. முதலாளி அதை யோசித்தார். இருட்டறைக்குள் இப்போது நான் ஒருத்திதான். ஒரு நாள் சும்மா கேட்பது போலக் கேட்டார்.

"சாம்பல்தீவில ஆர் படம் பிடிக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை முதலாளி."

"உமக்கு அண்ணன்மார் இருக்கினமோ?"

"ஓம். ரெண்டு பேர். வயல் செய்யினம்."

"கமரா கிமரா ஒண்டும்?"

"இல்லை."

அன்று பின்னேரம் முதலாளியின் மனைவி ஸ்டூடியோவுக்கு வந்திருந்தார். பெண்பிள்ளையின் பையைத் தான் பார்ப்பது சரியில்லை என்று முதலாளி அவரை வரவழைத்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. நல்ல மனிசி. வெள்ளிக்கிழமைகளில் எனக்குச் சர்க்கரைப் பொங்கல் அனுப்புவார். திரைச்சீலைக்குப் பின்னால் என்னைக் கூட்டிப்போனார்.

"பிள்ளை, அவருக்கு மனம் ஆறட்டும் எண்டுதான். பையை ஒருக்கால் தாறீரோ?"

தந்தேன். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து மணந்தார். மணக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சீப்பு, பஸ் காசு வைத்திருந்த சின்னப் பேர்ஸ், மடித்த கைலேஞ்சி எல்லாவற்றையும் எடுத்தபடியே திருப்பி அடுக்கினார். பையை என் கையில் தரும்போது அவருடைய விரல்கள் குளிர்ந்திருந்தன.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது இனி அங்கே கால் வைப்பதில்லை என்றுதான் இருந்தேன். அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் இரவு சாப்பிட்டு முடிக்குமுன் மனம் மாறிவிட்டது. நானா போனதை முதலாளி எப்படி எடுத்துக்கொண்டார் என்று கண்ணால் கண்டவள் நான். நானும் நின்றுவிட்டால் அந்தக் கதை முடிந்துவிடும், ஒரு நானாவும் ஒரு பெட்டையும் சேர்ந்து களவெடுத்தார்கள் என்று.

மறுநாள் வேலையில் எனக்கும் சந்தேகம் வந்தது. மனிதர்மேல் அல்ல, மருந்துமேல். அலுமாரியிலிருந்து அவர் எடுத்துத் தந்த போத்தலை முதன்முறையாகக் கவனித்துப் பார்த்தேன். கரைத்த அன்று அது கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. இப்போது தேத்தண்ணி நிறம். தண்ணீர் விட்டால் நிறம் குறைய வேண்டும், எப்படிக் கூடும்?

பள்ளிக்கூடத்தில் இரசாயனத்தில் தாக்கவீதம் என்று ஒரு பாடம் படித்திருந்தோம். பொருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மாறும் ஒரு தாக்கம் எந்த வேகத்தில் நடக்கும், எவை அதைக் கூட்டும், எவை குறைக்கும் என்று. வெப்பநிலை, செறிவு, ஒன்றையொன்று தொடும் பரப்பு, சிலவற்றுக்கு வெளிச்சம், பிறகு ஊக்கிகள். சோதனைக்காகப் பாடமாக்கியதுதான். மருந்து கடதாசியில் செய்யும் வேலையும் ஒரு தாக்கம், அதே மருந்து போத்தலுக்குள் காற்றோடு சேர்ந்து பழுதாவதும் ஒரு தாக்கம் என்பதை நான் அதுவரை ஒன்றாக வைத்துப் பார்த்ததில்லை. தட்டில் இருக்கும்போது சூடு படத்தை விரைவாக எழுப்புகிறது. போத்தலில் இருக்கும்போது அதே சூடு மருந்தை விரைவாகக் கெடுக்கிறது. அரைப் போத்தல் மருந்து என்றால் மற்ற அரைப் போத்தல் காற்று. அதைத் தினமும் குலுக்கினால் காற்று இன்னும் நன்றாகக் கலக்கும். இத்தனைக்கும் வெள்ளைக் கண்ணாடி, மேற்கு வெயில், இரும்பு அலுமாரி.

அப்போதுதான் தொட்டிக்குப் பின்னால் இருந்த இருமல் மருந்துப் போத்தல் நினைவுக்கு வந்தது. எடுத்துப் பார்த்தேன். கபில நிறக் கண்ணாடிக்குள் கழுத்து முட்ட நின்றது. தொட்டால் குளிர்ந்தது. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றினேன். நிறமில்லை. நெகடிவ் வைத்து வெளிச்சம் காட்டிய ஒரு துண்டுக் கடதாசியைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் படம் கறுப்பும் வெள்ளையுமாக, பழையபடி எழும்பி வந்தது. எல்லாம் ஒரே நாளில் ஒன்றாகக் கரைத்த மருந்து.

எனக்கு வந்த சந்தோசத்தில் ஓடிப்போய் முதலாளியிடம் காட்டினேன். அதைவிட மோசமாக ஒன்றும் செய்திருக்க ஏலாது. அவர் போத்தலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது எங்க இருந்தது?"

"தொட்டிக்குப் பின்னால. நானா வைச்சவர்."

"அப்ப இதுதான் எடுத்து ஒளிச்ச மருந்து. நான் அண்டைக்கே சொன்னனான்."

"ஒளிக்கேல்லை முதலாளி. கரைச்ச அண்டைக்கு மிஞ்சினது. நான்தான் புனல் பிடிச்சனான்."

"நீரும் பிடிச்சனீரோ?"

போத்தலை அவருக்கு முன்னால் மேசையில் வைத்தேன்.  

"என்னை நம்பாதேங்கோ. நானாவையும் நம்பாதேங்கோ. நீங்களே கரையுங்கோ, நீங்களே ஊத்துங்கோ, நீங்களே மூடுங்கோ. ரெண்டு போத்தல். ஒண்டு கபில நிறம், கழுத்து முட்ட, குளிரான இடத்தில. மற்றது வெள்ளைப் போத்தல், பாதி, உங்கட அலுமாரிக்குள்ள. நான் ரெண்டையும் தொடமாட்டன்."

அந்த யோசனை அவருக்குப் பிடித்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. யாரையும் நம்பத் தேவையில்லாத ஒரு வழி. கரைக்கத் தூள் வேண்டுமே என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அடுத்த நாள் அவர் வீட்டிலிருந்து ஒரு பக்கெட்டைக் கொண்டுவந்தார். எல்லாத் தூளையும் கரைக்கச் சொன்னவர், ஒன்றை மட்டும் அரிசிப் பீப்பாவுக்குள் வைத்திருந்தாராம். அவருடைய மனைவிக்கே அது தெரியாது.

அவரே கரைத்தார். என்னைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னார். தக்கைக்கு மேல் துணி கட்டி, மெழுகுதிரி உருக்கி ஊற்றி, தன் மோதிரத்தை அதில் அழுத்தினார். ஒன்றை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். மற்றதை இருட்டறையின் ஈர மூலையில் வைத்து, அதற்கு மேல் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து, பெட்டிக்கும் ஒரு பூட்டுப் போட்டார். இரண்டு கிழமை கழித்துத் திறப்பது என்றார். அந்த இரண்டு கிழமையும், கடதாசி வெளியில் இல்லாத நேரமெல்லாம் இருட்டறைக் கதவைப் பாதி திறந்தே வைத்தேன், நான் பெட்டியைத் தொடவில்லை என்று அவர் பார்க்கட்டும் என்று.  காலையில் வந்ததும் அவர் முதலில் மெழுகைத்தான் பார்ப்பார். வெள்ளைப் போத்தலைக் குலுக்குவதையும் அவர் விடவில்லை.

திறக்கும் நாளில் அவருடைய மனைவியும் வந்திருந்தார். மெழுகில் மோதிர அடையாளம் அப்படியே இருந்தது. அதை எனக்கும் மனைவிக்கும் காட்டிய பிறகுதான் உடைத்தார். சோதிக்க அவர் எடுத்த நெகடிவ் மனைவியுடையது, கலியாணமான புதிதில் பிடித்தது. இரண்டு தட்டு, ஒரே மாதிரிக் கடதாசி, ஒரே வெளிச்சம். மூன்று பேரும் சிவப்பு விளக்கின் கீழ் நின்றோம். ஒரு தட்டில் அந்த இளம் பெண் நெற்றிப்பொட்டும் மூக்குத்தியுமாக எழும்பி வந்தார். மற்றத் தட்டில் கடதாசி வெறுமனே கிடந்தது. கனநேரத்துக்குப் பிறகு ஒரு புகை மாதிரி ஏதோ தெரிந்தது.

முதலாளி இரண்டு படத்தையும் ஹைப்போவில் போட்டார். விளக்கைப் போட்டபின் கதிரையில் போய் இருந்தார்.

"சரி. மருந்து தானாப் பழுதாகியிருக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அதுக்காக நானா எடுக்கேல்லை எண்டும் சொல்ல ஏலாதுதானே" என்றார்.

அவருடைய மனைவி தன் வெளிறிய முகம் இருந்த கடதாசியைத் தண்ணீர் சொட்டச் சொட்டத் தூக்கி அவருக்கு முன்னால் மேசையில் வைத்தார்.

"நாளைக்கு மூதூருக்குப் போறம். நீங்கள் வராட்டி நானும் பிள்ளையும் போவம்."

அவரும் வந்தார். நானாவின் பையை அவரே கையில் வைத்திருந்தார். கொட்டியாரக் குடாவில் அன்று காற்று. லோஞ்ச் ஆடிய ஆட்டத்தில் அவருடைய மனைவி என் தோளைப் பிடித்தபடியே இருந்தார். 

நானாவின் வீடு துறைக்குக் கிட்டத்தான். எங்களைக் கண்டதும் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து கதிரை எடுத்துப் போட்டார். இளநீர் வெட்டுவித்தார். முதலாளி நடந்ததைச் சொன்னார். சூடு, காற்று, வெயில், மோதிரம் வைத்த மெழுகு என்று ஒன்றும் விடாமல் சொன்னார். நானா குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்ப காரணம் தெரிஞ்சு வந்திருக்கிறீங்க."

"ஓம்."

"தெரியாட்டி வந்திருக்கமாட்டீங்க."

 அப்போது முதலாளியின் கண் விறாந்தைக்குள் போனதை நான் கண்டேன். அங்கே கயிறு ஒன்றில் கலியாணப் படங்கள் கொஞ்சம் கொழுவியிருந்தன. நானாவும் அதைக் கண்டார்.

"பாருங்க முதலாளி, எழும்பிப் போய் நல்லாப் பாருங்க. மருமகன் பிடிச்ச படம். அவனுக்குப் படம் கழுவத் தெரியாது. ஒங்கட தெருவில உள்ள மற்றக் கடையிலதான் குடுத்துக் கழுவுறான். ஒங்களிட்ட குடுக்கச் சொல்லித்தான் நான் சொன்ன. அவனுக்கு வெக்கம்."

முதலாளியின் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். திரும்ப வேலைக்கு வரும்படி அவர்தான் கேட்டார். நானா அவரிடம் மரியாதையாகவே பதில் சொன்னார்.

"வந்தா நாளைக்கு இன்னொரு படம் வெளிறும், தங்கச்சி. அதுக்கும் ஒரு காரணம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் நான் என்ன செய்ய?"

பையை மட்டும் வாங்கிக்கொண்டார். துறைவரை எங்களோடு நடந்து வந்தார். லோஞ்ச் வெளிக்கிடும்போது என்னிடம், "கையை மருந்துக்குள்ள விடாதீங்க மகள், தோல் பழுதாகும். இடுக்கியால எடுங்க" என்றார்.

அடுத்த நாள் முதலாளி மற்றக் கடைக்குப் போய் விசாரித்தார் என்பது எனக்கு அந்தக் கடைக்காரரே சொல்லித்தான் தெரியும். நானா சொன்னது உண்மைதான்.

அதற்குப் பிறகு மருந்து தேவைக்குத் தேவை கரைக்கப்பட்டது. கபில நிறப் போத்தல்களை ஆசுபத்திரிப் பக்கத்து மருந்துக்கடையில் கேட்டு வாங்கினோம். படங்கள் ஒழுங்காக வந்தன. என் பையை யாரும் பிறகு திறக்கவில்லை. ஆனால் இருட்டறைக்குள் நிற்கும்போது கதவுக்கு வெளியே அவருடைய செருப்புச் சத்தம் வந்து நின்றுபோகும். அதைக் கேட்டால் என் கை தானாக வேகம் குறையும். ஆசிரிய நியமனம் வந்து நான் விலகும்வரை அது அப்படித்தான் இருந்தது. அவர் என்னை நம்பினாரா என்று நான் ஒருபோதும் கேட்கவில்லை.

கன வருடங்களுக்குப் பிறகு, முதலாளி நோய்ப்பட்டு ஆசுபத்திரியில் கிடக்கிறார் என்று அறிந்து பார்க்கப் போனேன். அவர் தூக்கத்தில் இருந்தார். மனைவி என்னை வெளியில் கிடந்த மர வாங்கில் இருத்தி, முந்தின நாள் நானா வந்துபோனதைச் சொன்னார். தாடி நரைத்துப்போய், ஒரு கிழங்கட்டை மாதிரி இருந்தாராம். இரண்டு பேரும் கனநேரம் கதைத்தார்களாம்.

"என்ன கதைச்சவை?"

"தெரியாது பிள்ளை. என்னை வெளியில நிக்கச் சொல்லிப்போட்டினம். போகேக்குள்ள நானா என்னட்ட, ஸ்டூடியோக் கமராவை மட்டும் ஒருத்தருக்கும் குடுத்துப்போடாதேங்கோ, லென்ஸ் நல்ல லென்ஸ் எண்டு சொன்னார்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டனான்" என்றார் அவர். பிறகு எழும்பி, முதலாளிக்குக் கஞ்சி கொடுக்க நேரமாகிவிட்டது என்று உள்ளே போனார்.